ஒரு வண்டி மூன்று வீடு

ப்ரேஸ்தா, ஜூன் 14

போயானா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நோவி சாத் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பெட்டி ராஸ்பெரியும் வருகிறது. கடிதத்தைப் பழத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். மேலே வைத்தால் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை ஓரமாகப் போட்டுவிடுவாய்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் எனக்கு வார்த்தை வராது, உனக்கே தெரியும். அதுவும் போக, இன்னும் கோபம் தீரவில்லை. பிப்ரவரியில் நம் வீட்டுப் புனிதர் நாள் விருந்தில், முப்பது பேர் உட்கார்ந்திருந்த மேசையில், "எங்க நெதா பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஃப்ரிட்ஜுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டா" என்று சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே என்று. இரண்டு வருடமாக நான் குளிர்கிடங்கில் வேலை செய்கிறேன். ஒளிந்துகொண்டிருக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனி செய்துகொடுத்த கம்ப்யூட்டர் நிரல் வியாழக்கிழமை முதல் கிடங்கின் இறக்குமேடையில் ஓடுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. எடை தானாக ஏறுகிறது. ரசீது நொடியில் வருகிறது. எடை போடும் வெரிட்சா சித்திகூட, திட்டுவதற்கு எதுவும் கிடைக்காமல் திரையில் தூசி இருக்கிறது என்று திட்டினார்.

ஒன்றே ஒன்று சரியில்லை. வண்டி வந்ததும் திரை ஒரு பெயர் கேட்கிறது. ஒரே ஒரு பெயர். மேல்தெருவிலிருந்து வருவது ஒரு வண்டி, ஆனால் மூன்று வீட்டுப் பழம். மிலோய்கோ மாமா வீடு, ராதிசாவ் மாமா வீடு, நம் வீடு. அந்தக் குறுகலான பாதையில் மூன்று டிராக்டர் இறங்க வேண்டாம் என்று ஆளுக்குச் சில நாள் என்று முறை வைத்து ஓட்டுகிறார்கள். காலிப் பெட்டிகளைக் கிடங்கு தருகிறது, எல்லாம் ஒரே நீலம். அதனால் கைப்பிடியில் கம்பளி நூல் கட்டுகிறோம். மிலோய்கோ வீட்டுக்கு மஞ்சள், ராதிசாவ் வீட்டுக்குச் சிவப்பு, நமக்குப் பச்சை. இதை உனக்கே விளக்கிக்கொண்டிருக்கிறேன் பார். ஒரு காலத்தில் முடிச்சைப் பல்லால் இறுக்கிக் கட்டியவள் நீ.

பழைய காகித முறையில் ஒரே சீட்டில் மூன்று வரி எழுதுவேன். இப்போது முடியாது. இது மிலோய்கோ மாமாவின் முறை என்பதால் வண்டியில் வரும் அத்தனையும் அவர் பெயரில்தான் ஏறுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. யாரிடமிருந்து எவ்வளவு வந்தது, சோதனைக்கு எந்தப் பெட்டியிலிருந்து பழம் எடுத்தார்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவருகிறேன்.

இந்த வேலைக்காக நீ ஆறு முறை வந்தாய். ஆறு முறையும் மாடியில் முதலாளி அறைக்கு நேராக ஏறிப் போனாய். ஜன்னல் வழியாக உன் தலை தெரிந்தது. ஒரு முறையாவது கீழே வந்திருந்தால் இதை அப்போதே சொல்லியிருப்பேன். அல்லது நீயே பார்த்திருப்பாய்.

நெதா


நோவி சாத், ஜூன் 16

நெதா,

பழம் வந்தது, பாதி நசுங்கி. கடிதம் சிவப்புச் சாறில் ஊறிப்போனதால் அலுவலகத்தில் எல்லோரும் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்கள்.

ஃப்ரிட்ஜ் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அது வேடிக்கைக்குச் சொன்னது. ஆனால் உன் வயது பதினேழு. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியவில்லை என்பதற்காக ஒரு பெண் பள்ளியையே விட்டுவிட்டால் அக்காவுக்கு வருத்தமாக இருக்காதா? சரி, இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீ சொன்ன குறையைப் படித்தேன். என் வேலை எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாததால்தான் எல்லாம் என் தலையில் விழுகிறது. நான் நிரல் எழுதுபவள் இல்லை. வியாபாரியும் இல்லை. கல்லூரியில் நான் படித்தது இரண்டும் பாதிப் பாதி. ஒரு பக்கம் வியாபாரிகள். அவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்வதில்லை, பக்கத்து ஊர்க் கிடங்குக்காரனிடம் என்ன இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். மறுபக்கம் நிரல் எழுதுபவர்கள். எழுதிக்கொடுத்ததைச் செய்வார்கள், எழுதாததை ஒருநாளும் செய்ய மாட்டார்கள். நடுவில் நான். இவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்களுக்குப் புரியும்படி எழுதி, அவர்கள் செய்ததை இவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறேன். அந்தத் திட்டுக்குத்தான் சம்பளம் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. நன்றாகவும் செய்கிறேன்.

"ஒரு வண்டி, ஒரு பெயர்" என்று எழுதிய பக்கத்தில் உன் முதலாளி தோப்ரிலோ கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை மாற்றுவதென்றால் இரண்டாம் கட்டத்தில், இலையுதிர் காலத்தில்தான். பருவம் நடக்கும்போது ஓடுகிற நிரலைத் தொடக் கூடாது. மூன்று வீட்டாரும் பல வருடமாகத் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறவர்கள், ஒரு மாதம் சமாளிப்பார்கள்.

நோட்டில் எழுதுவதை எழுது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

போயானா


ப்ரேஸ்தா, ஜூன் 20

அக்கா,

சமாளிக்க முடியவில்லை.

ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒரு பெட்டியில் ஒரு கைப்பிடி அளவு பழம் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள் இல்லையா. பதின்மூன்றாம் தேதி வண்டியின் முடிவு நேற்று வந்தது. செடிக்கு அடிக்கும் மருந்து அளவுக்கு மேல் இருக்கிறது. அந்த வண்டி யார் பெயரில் ஏறியிருக்கிறது? மிலோய்கோ மாமா பெயரில். இன்று சாயங்காலம் அவர் வந்தார். நான் பெயரைத் தட்டியதும் திரை முழுவதும் சிவப்பானது. "இந்தப் பருவம் முழுவதும் ஏற்கப்படாது" என்று எழுத்து வந்தது. கீழே அழுத்த ஒரு பொத்தான்கூட இல்லை.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டு முறை படித்தார். பின்னால் ஆறு டிராக்டர்கள் நின்றன, எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

வெரிட்சா சித்தி சமாளிக்கப் பார்த்தார். கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார். மாமா அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் கேட்டார்.

"இந்த வருஷம் நான் மருந்தே அடிக்கல, நெதா. என் பேர எதுக்கும்மா செவப்புல போட்ருக்கு?"

பெயரைத் தட்டியது நான். வேறு பெயர் தட்ட இடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் வண்டியைத் திருப்பினார். நூற்றுப்பத்துப் பெட்டி. அந்த வெயிலில் பழம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உனக்குத் தெரியும். பாலத்துக்குக் கீழே பன்றி வளர்க்கும் ஒப்ராட் வீட்டில் கொட்டினார் என்று அம்மா சொன்னார். நாளைப் பழத்தைப் பறிப்பதா வேண்டாமா என்று அவர் மனைவி ஸ்தாமெங்கா அத்தை வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாராம். பறிக்காவிட்டால் செடியிலேயே அழுகும். அவர்களுக்கு அந்தத் தோட்டம் தவிர வேறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பார்த்தேன். பதின்மூன்றாம் தேதி மாதிரி எடுத்த பெட்டி எது என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மஞ்சள் நூல் இல்லை. பச்சை.

நம் வீடு, அக்கா. பத்தாம் தேதி சாயங்காலம் அப்பா முதுகில் மருந்து டப்பாவோடு தோட்டத்திலிருந்து வந்ததை நான் பார்த்தேன். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த நோட்டு பற்றி உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் என்ன செய்ய?

நெதா


நோவி சாத், ஜூன் 21

நெதா,

பேருந்துக்குக் காத்திருக்க நேரமில்லை, மின்னஞ்சலிலேயே எழுதுகிறேன். போனை எடுக்க மாட்டாய், இதையாவது உடனே படி.

முதலில், யாரிடமும் எதுவும் சொல்லாதே. நோட்டை வேலைக்கு எடுத்துப்போகாதே.

நான் யோசித்துவிட்டேன். இங்கிருந்து ஒரு முடிவுக்கு "மாதிரி சந்தேகத்துக்குரியது" என்று அடையாளம் போட எனக்கு அனுமதி இருக்கிறது. போட்டால் சிவப்பு போய்விடும். மிலோய்கோ மாமாவின் பழம் திங்கட்கிழமையே ஏறும். அந்த வண்டியில் மூன்று வீட்டுப் பழம் கலந்திருந்தது என்பது உண்மைதானே, அப்படியானால் மாதிரி சந்தேகத்துக்குரியது என்பதும் பொய் இல்லை. யார் பெயரும் வராது. அப்பாவிடம் நான் போனில் பேசி இனி இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். இலையுதிர் காலத்தில் நிரலை மாற்றிவிடுவேன். எல்லாம் முடிந்துவிடும்.

பதின்மூன்றாம் தேதிச் சரக்கு இன்னும் தனி அறையில்தான் இருக்கிறது என்று இங்கே திரையில் தெரிகிறது. அதைப் பற்றி யோசிக்காதே. அவ்வளவு சரக்கில் அது ஒரு துளி.

எனக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று நீ சொல்லாமலே தெரியும். அடுத்த கிடங்கின் வேலையை முழுவதும் என்னிடம் கொடுப்பதா என்று எங்கள் தலைவி எம்மெஷே ஜூலையில் முடிவு செய்யப் போகிறார். அதற்காகச் சொல்லவில்லை. அப்பாவுக்காகத்தான் சொல்கிறேன். பருவம் முழுவதும் அடைபட்டால் நம் வீடு என்ன ஆகும்?

சரி என்று ஒரு வார்த்தை எழுது, அடையாளம் போட்டுவிடுகிறேன்.

போயானா


ப்ரேஸ்தா, ஜூன் 24

அக்கா,

சரி என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

நீ சொன்ன வழியில் சிவப்பு போய்விடும். ஆனால் ஆறு டிராக்டர்க்காரர்கள் பார்த்த சிவப்பு எப்படிப் போகும்? "மிலோய்கோ எப்படியோ சரிக்கட்டிட்டான்" என்று பேசுவார்கள். ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ரொட்டிக் கடையில் என் காதாலேயே கேட்டேன். தனி அறையில் இருக்கும் பழத்தை நீ துளி என்கிறாய். யாரோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை அதைத் தயிரில் போட்டுத் தின்னும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனேன். டிராக்டருக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். கால் மட்டும்தான் தெரிந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது. முகம் தெரியாததால் பேச முடிந்தது. நோட்டில் இருந்த வரியைப் படித்தேன்.

ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு அடியிலிருந்தே பேசினார்.

"மூணு நாளா மழை விடல. பழம் கண்ணு முன்னாடியே சாம்பல் பூக்குது. அடிச்சேன். ஏழு நாள் பறிக்கக் கூடாதுன்னு டப்பால போட்டிருந்துச்சு. நான் மூணு நாள்தான் பொறுத்தேன்."

மிலோய்கோ மாமா பெயர் சிவப்பானது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். இரண்டு நாளாக அந்த வீட்டு வழியே போகாமல் சுற்றிப் போகிறாராம். நாளைக்கு நான் மாடிக்குப் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். அப்போதுதான் வெளியே வந்தார். முகமெல்லாம் எண்ணெய். திட்டுவார் என்று நினைத்தேன். "நீயா? சொல்லிருவியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே சந்தேகமாகக் கேட்டார். அதுதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது.

திங்கட்கிழமை காலை வெரிட்சா சித்தியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். வெறும் வாயால் எடுத்துச் சொல்லும் திறமை எனக்கு இல்லை, அதனால் ஒரு வழி யோசித்திருந்தேன். மூன்று பெட்டிகளை எடுத்துக்கொண்டோம். மஞ்சள் நூல் ஒன்று, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. இரண்டை அவரும் ஒன்றை நானும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினோம். முதலாளி தோப்ரிலோ மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கணக்கர் பக்கத்தில் இருந்தார்.

"என்னம்மா, ஒனக்குப் படி ஏறத் தெரியுமா? ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் மேல பாக்குறேன்" என்றார் முதலாளி.

பெட்டிகளை அவர் காகிதங்களின் மேல் வரிசையாக வைத்தேன். ஈரப் பெட்டி. கணக்கர் பதறிப்போய்க் காகிதங்களை உருவினார். வெரிட்சா சித்தி, "விடுய்யா, காயும்" என்றார்.

பிறகு ஒவ்வொரு நூலையும் தொட்டுத் தொட்டு யார் வீடு என்று சொன்னேன். மூன்றும் ஒரே வண்டி என்றேன். திரையில் பெயருக்கு இடம் ஒன்றுதான் என்றேன். நோட்டை விரித்துப் பச்சைப் பெட்டியின் மேல் வைத்து, மாதிரி எடுத்தது இதிலிருந்து என்றேன். முதலாளி நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பச்சை யாரு வீடுன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும். எங்க வீடு."

அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. அப்பா படியேறி வந்துகொண்டிருந்தார், வேலை உடுப்போடு. என் பின்னால் வருவார் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்றுகொண்டே எத்தனை நாள் பொறுத்தார் என்பதை அவரே சொன்னார்.

முதலாளி உடனே கீழே ஆள் அனுப்பி மிலோய்கோ வீட்டிலும் ராதிசாவ் வீட்டிலும் புது மாதிரி எடுக்கச் சொன்னார். பதின்மூன்றாம் தேதிச் சரக்கை அழிக்கச் சொன்னார். பிறகு நம் வீட்டுக்குப் பருவம் முழுவதும் தடை, விதி அப்படி என்றார்.

அக்கா, அந்த விதியை நீதான் எழுதினாய். அது தப்பான விதி. அதையும் சொன்னேன். மருந்து செடியில் பருவம் முழுவதும் இருப்பதில்லை, நாள் கணக்கில் குறையும். அப்படியிருக்கத் தடை மட்டும் ஏன் கடைசிவரை? பதினான்கு நாள் நிறுத்துங்கள், இரண்டு மாதிரி சுத்தமாக வந்தால் திறங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் மருந்து அடித்தவன் ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான் என்றேன். என் அப்பாவுக்காகப் பேசுவதாகக் கணக்கர் முணுமுணுத்தார்.

"அப்படின்னா எங்க வீட்டுக்குப் பழைய விதியவே வைங்க. மத்தவங்களுக்கு மாத்துங்க" என்றேன்.

முதலாளி கொஞ்ச நேரம் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். பதினாலு நாள்" என்றார்.

பதினான்கு நாள் என்றால் நம் தோட்டத்தின் நல்ல பறிப்பு முழுவதும் போய்விடும். கடைசி வாரம் மட்டும் மிஞ்சும். அம்மா என்னோடு பேசவில்லை. அழவும் இல்லை. ஜாடி கழுவிக்கொண்டே இருக்கிறார், அவற்றில் போட எதுவும் இல்லாமல்.

நீ அடையாளம் போட வேண்டாம். மிலோய்கோ மாமா மேலிருந்த தடையை முதலாளி இன்று காலை உங்கள் கம்பெனிக்கு எழுதி நீக்கவைத்துவிட்டார். அதனால் உனக்குச் சிக்கல் வந்திருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் வேறு மாதிரி செய்திருக்க மாட்டேன்.

நெதா


நோவி சாத், ஜூன் 28

நெதாவுக்கு,

காகிதத்தில் எழுதுகிறேன், கையால். திருத்தியது எல்லாம் உனக்குத் தெரியட்டும்.

உன் முதலாளி எழுதியதோடு நிற்கவில்லை. எம்மெஷேயைப் போனிலும் கூப்பிட்டார். அறை முழுவதும் கேட்கிற மாதிரி போனின் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் எம்மெஷே பேசினார், அதனால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். "உங்க பொண்ணு ஆறு தடவ வந்து கேக்காதத, எங்க பொண்ணு ஒரு தடவ படி ஏறி வந்து சொல்லிட்டா" என்றார். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

போன் முடிந்ததும் எம்மெஷே அந்தப் பெண் யார் என்று கேட்டார். என் தங்கை என்றேன். அவர் ஹங்கேரியக்காரர், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தத் தெருவுல பொறந்தவ நீ. அப்படியிருந்துமா ஒரு வண்டிக்கு ஒரு பேருன்னு எழுதின?" என்று கேட்டார்.

அங்கே என்ன பதில் சொன்னேனோ அதையே உனக்கும் சொல்கிறேன். எனக்கு மறக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் தோப்ரிலோ, "ஒரு வண்டிக்கு ஒரு பேர் போதும்ல" என்று கேட்டபோது, எனக்கு அந்த நூல் ஞாபகம் வந்தது. பச்சை நூல், என் பல்லில் கம்பளி மயிர் ஒட்டிக்கொள்வதுகூட ஞாபகம் வந்தது. எதிரே பழம் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். கம்பளி நூல், முறை வைத்து டிராக்டர் என்று பேச ஆரம்பித்தால் என் மேல் சாணி வாசம் அடிக்கும் என்று தோன்றியது. "போதும்" என்று சொன்னேன். கீழே இறங்கி வராததற்கும் காரணம் அதுதான். நீ அங்கே ரப்பர் பூட்ஸோடு நிற்பாய், "அக்கா" என்று கூப்பிடுவாய்.

நம் வீட்டில் வாய் திறக்காதவள் நீ என்று எல்லோரும் சொல்கிறார்கள். திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டவள் நான்.

"மாதிரி சந்தேகத்துக்குரியது" என்று போட நினைத்ததையும் எம்மெஷேயிடம் சொல்லிவிட்டேன். அடுத்த கிடங்கின் வேலை எனக்கு இல்லை. குளிர்காலம் வரை இல்லை. நியாயம்தான். முதல் நாள் வலித்தது, இப்போது இல்லை.

இப்போது நல்ல செய்தி. திருத்தத்தைப் பருவம் முடியும்வரை தள்ளிவைக்கவில்லை. நான்கு நாளாக நானும் இரண்டு நிரலாளர்களும் அதில்தான் இருக்கிறோம். இனி வண்டிக்குப் பெயர் இல்லை, பெட்டிக்குத்தான் பெயர். நீ நிறத்தைத் தொட்டால் வீடு வரும். வண்டி ஓட்டியவர் பெயர் தனியாக ஓர் ஓரத்தில் இருக்கும். தடைக்கு நாள் எண்ணிக்கை உண்டு, மீதி எத்தனை நாள் என்று திரையிலேயே காட்டும். சிவப்பு நிறத்தையும் எடுத்துவிட்டோம். பின்னால் நிற்பவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை நான் அங்கே வருகிறேன், நீ சரி என்று சொன்ன பிறகுதான் மாற்றுவோம்.

இன்னொன்று. எம்மெஷே உன் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். தோப்ரிலோ அனுப்பினார். எம்மெஷே அவற்றை எங்கள் மேசையில் பரப்பிவைத்து, "இதத்தான் நாலு வருஷமா உங்க எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்குறேன்" என்றார். உனக்கு மூன்று மாத வேலை தருகிறார். சோதனைக்குத்தான், பிடித்தால் நிரந்தரம். என்னோடு அல்ல, அவரோடு. வேலை என்னவென்றால், கிடங்குகளுக்கும் உலர்பழக் கூடங்களுக்கும் போய் நின்று, உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதுவது. கூட்டத்தில் அதைச் சொல்வது. நிரல் செய்து வந்ததும் அது சரியா என்று நீயே ஓட்டிப் பார்ப்பது. படிப்புச் சான்றிதழ் இல்லையே என்று நான்தான் கேட்டேன், கவனி, நான்தான் கேட்டேன். "அது அவ கவல, உன் கவல இல்ல" என்றார்.

யோசித்துப் பதில் எழுது. வேண்டாம் என்றாலும் எழுது.

அக்கா


ப்ரேஸ்தா, ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வந்துபோன பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. முதல் நாள் வெரிட்சா சித்தி வேண்டுமென்றே எல்லா நிறத்தையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார், கெட்டுப்போகிறதா என்று. கெடவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கீழ்த்தெருவில் இரண்டு வீடு ஒரே நீல நிறம் கட்டுகிறார்கள் என்பது நேற்று தெரியவந்தது. ஒரு வீட்டை ஆரஞ்சுக்கு மாறச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டு அம்மா, எங்கள் மாமியார் காலத்திலிருந்து நீலம் என்று சண்டைக்கு வந்தார். பேசிச் சமாளித்தேன். ஆமாம், நான்தான் பேசினேன்.

மிலோய்கோ மாமா வீட்டுப் புது மாதிரி சுத்தமாக வந்தது. ராதிசாவ் வீட்டிலும் அப்படியே. மாமாவின் பழம் இந்த இரண்டு வாரமும் முழுதாக ஏறியது. இருபதாம் தேதி கொட்டியது மட்டும் போனது போனதுதான்.

அப்பா இந்த இரண்டு வாரமும் நம் பழத்தைப் பறித்துப் பறித்துக் குழிவெட்டிக் கொட்டினார். பறிக்காவிட்டால் செடி கெடும். நானும் அம்மாவும் கூடப் போனோம். மூன்றாவது நாள் அம்மா பேச ஆரம்பித்தார், அந்த வாளியை இப்படி நகர்த்து என்று. பிறகு எல்லாவற்றையும் பேசினார், ஒன்று விடாமல், முக்கால் மணி நேரம். நான் பறித்துக்கொண்டே கேட்டேன்.

நேற்று நம் வீட்டின் இரண்டாவது மாதிரி முடிவு வந்தது, சுத்தம். இன்று வண்டி ஓட்டும் முறை மிலோய்கோ மாமாவுடையது. நம் பெட்டிகளை ஏற்ற அவர் நிற்பாரா, நேராகப் போய்விடுவாரா என்று தெரியாமல் அப்பா பெட்டிகளைப் பாதையோரம் அடுக்கிவைத்துவிட்டு வேலிக்குள்ளேயே நின்றுகொண்டார். டிராக்டர் வந்தது. நின்றது. மாமா இறங்கவில்லை.

"ஸ்ரெதென்," என்று அப்பாவைக் கூப்பிட்டார். "மருந்தடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஒரு வாரம் ஒன் பெட்டிய ஏத்தாம விட்ருப்பேன். அவ்வளவுதானய்யா விஷயம்."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு மாமா இறங்கினார், இரண்டு பேரும் பெட்டிகளை ஏற்றினார்கள். காப்பிக்கு அம்மா கூப்பிட்டதற்கு இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டார் மாமா. அந்த இன்னொரு நாள் எப்போது என்று எனக்குத் தெரியாது. இந்த வருடம் இல்லாமலும் போகலாம். கிடங்கில் நான் மூன்று வீட்டையும் தனித்தனியாக ஏற்றினேன். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று வரியையும் படித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

உன் கேள்விக்குப் பதில்: வருகிறேன். பருவம் முடிந்த மறுவாரம், ஜூலை 21 திங்கட்கிழமை. எம்மெஷேவுக்குத் தனியாக எழுதிவிட்டேன், இரண்டு பக்கம். நிபந்தனைகளும் எழுதியிருக்கிறேன். அறுவடை மாதங்களில் என்னை ஊரில் உள்ள வேலைக்கு அனுப்ப வேண்டும். கூட்டம் நடக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களில் ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும், நான் அவர்களுக்குப் பதிலாக உட்கார மாட்டேன். நிரல் எழுதுகிறவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் எனக்கு அது எப்படி எழுதப்படுகிறது என்று காட்ட வேண்டும், ஏனென்றால் அவர்கள் "முடியாது" என்று சொல்லும்போது எது உண்மையில் முடியாதது, எது அவர்களுக்குச் சோம்பல் என்று எனக்குத் தெரிய வேண்டும். இதற்கு எம்மெஷே ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்: மூன்றும் சரி, நான்காவதை ஏன் விட்டாய், சம்பளம் கேட்கவில்லையே என்று. கேட்டுவிட்டேன்.

பள்ளியைப் பற்றி நீ இனி பேச வேண்டாம். தேர்வை வெளியிலிருந்து எழுதலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எழுதினால் சொல்கிறேன், எழுதாவிட்டாலும் சொல்கிறேன்.

உன் அறையில் எனக்குக் கட்டில் போடுவதாகச் சொன்னாய், சரி. ஜன்னல் பக்கம் வேண்டும்.

இன்னும் ஒன்றே ஒன்று. கூட்டத்தில் யாராவது என்னைக் கேள்வி கேட்டால் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் ஆகும். அறை அமைதியாகிவிடும், எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீ எனக்காகப் பேச ஆரம்பித்துவிடாதே. சும்மா உட்கார்ந்திரு. நான் சொல்வேன்.

நெதா